மாயாவியும் மோதிரமும்: ஒரு வாசகரிடம் சில கேள்விகள்

கே: உங்கள் அலமாரியில் ஸ்பைடர்மேனுக்குப் பக்கத்தில் பிளேட்டோ இருக்கிறாராமே. நிஜமாகவே இரண்டையும் ரசிக்கிறீர்களா, இல்லை பந்தாவா?

ப: பந்தாவும் கொஞ்சம் உண்டு. ஆனால் பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் பாகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆடு மேய்க்கிற ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடித்துவிடுகிறான். நூலில் சாக்ரடீஸோடு வாதாடும் கிளாக்கன் என்பவன்தான் இந்தக் கதையைச் சொல்லி அவரை மடக்குகிறான்: இப்படி இரண்டு மோதிரம் இருந்து, நல்லவனுக்கு ஒன்று, கெட்டவனுக்கு ஒன்று கொடுத்தால் இருவரும் ஒரே வழியில்தானே போவார்கள்?

இப்போது நம் இரும்புக்கை மாயாவியை நினைத்துக்கொள்ளுங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த ஆள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் அறிமுகமானபோது அவர் குற்ற வழியில்தான் இறங்கினார். உளவாளி ஆனதெல்லாம் பிற்பாடு. கிளாக்கன் படித்திருந்தால் குதித்திருப்பான்! அதே 1962இல் அமெரிக்காவில் வந்த ஸ்பைடர்மேனும் சக்தி கிடைத்ததும் முதலில் காசு பார்க்கத்தான் போகிறான். கண்ணெதிரே ஓடும் திருடனை 'எனக்கென்ன' என்று விடுகிறான். அந்தத் திருடன்தான் அவன் பெரியப்பாவைக் கொல்கிறான்.

கே: அப்போ சூப்பர்மேன்? அவர் பிறவி நல்லவர் ஆச்சே?

ப: அவரும் தப்பவில்லை. அவரைப் படைத்த சீகலும் ஷூஸ்டரும் 1933இல் 'சூப்பர்மேன்' என்ற பெயரில் முதலில் உருவாக்கியது ஒரு மொட்டைத்தலை வில்லனை. 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தவர்தான் நமக்குத் தெரிந்த நல்லவர்.

கே: தத்துவம் படிக்க ஆசை. 'குடியரசு'விலிருந்தே தொடங்கலாமா?

ப: வேண்டாம். பத்துப் பாகம், நடுவில் மூச்சு வாங்கும். பிளேட்டோவின் 'அப்பாலஜி' போதும். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசுவது. குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது, என்ன தண்டனை தரலாம் என்று கேட்கிறார்கள். மனிதர் என்ன சொல்கிறார் தெரியுமா? நகரத்தின் செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்கிறார்!

அப்புறம் மார்க்கஸ் அரேலியஸ். ரோமப் பேரரசர், கேட்க ஆளில்லாத அதிகாரம். தனக்குத்தானே கிரேக்கத்தில் எழுதிக்கொண்ட குறிப்புகளில், காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாததற்குத் தன்னையே கண்டிக்கிறார். மோதிரம் கையில் இருந்தும் திருப்பாமல் இருக்கப் பாடுபட்டவர் என்று அவரைச் சொல்வேன்.

கே: 'வாட்ச்மென்' காமிக்ஸ் புரியவில்லை என்கிறார்களே?

ப: ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986, 87இல் 12 இதழ்களாகக் கொண்டுவந்தது. படங்களை மட்டும் பார்த்துப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால் புரியாது. இதழ்க் கடைசியில் வரும் உரைநடைப் பக்கங்களைத் தாண்டாதீர்கள், பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. நாலாவது இதழை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கே: என் மகன் காமிக்ஸைத் தவிர எதையும் தொடுவதில்லை. என்ன செய்ய?

ப: அடுத்த காமிக்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

கே: பேட்மேனா, சூப்பர்மேனா?

ப: மாயாவி.