150 கூட்டினேன், 2040 எப்படி வந்தது?

அன்புள்ள அண்ணா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். கோலாலம்பூர் வந்தபோது லோயாட் பிளாசாவில் ஒரு ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் அட்டை வாங்கினேன். பூஸ்ட் கிளாக், அதாவது வேலை செய்யும்போது எட்டும் வேகம், 1777 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. அட்டையின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்குக்கு (சிப்பின் வேகத்துக்கு) +150 வைத்தேன். 1927 வர வேண்டும் அல்லவா? கேம் தொடங்கியதும் 2040 காட்டுகிறது. அரை மணி நேரத்தில் 1995. ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் முறை) உள்ள கேமில் 1890க்கு மேல் ஏறுவதே இல்லை. மெமரிக்கு +500 கொடுத்தால், அட்டையின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் 125தான் கூடுகிறது. அட்டை போலியா? +200 வைத்தால் சரியாகுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போலி என்ற பயத்தை முதலில் விடுங்கள். பழைய அட்டைக்குப் புதுப் பெயர் ஒட்டி விற்பவர்கள் உண்டுதான். ஆனால் அப்படிப்பட்ட அட்டை ரே டிரேசிங் கேமில் 1890-இல் நின்று ஓடாது. உங்களுடையது நன்றாகவே ஓடுகிறது.

நீங்கள் 1777-இலிருந்து கூட்டலைத் தொடங்கியதில்தான் குழப்பம். அந்த எண், சாதாரண வேலைப்பளுவில் இவ்வளவாவது கிடைக்கும் என்று, சிப்பை வடிவமைத்த என்விடியா சொல்லும் ஒரு கணக்கு. அட்டை அதைப் பார்த்து ஓடுவதில்லை. அதற்குள் வேறொரு அட்டவணை இருக்கிறது: இந்த வோல்டேஜுக்கு இந்த வேகம், அடுத்த வோல்டேஜுக்கு இன்னும் கொஞ்சம் என்று. சூடும் மின்சாரமும் இடம்கொடுத்தால் அட்டை தானாகவே 1777ஐத் தாண்டிப் போகும். நீங்கள் வைத்த +150 அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் கூடுகிறது. 2040-இல் 150ஐக் கழித்தால் 1890. ஓவர்கிளாக் செய்யாமலே, அதாவது வேகத்தை நீங்கள் கூட்டாமலே, உங்கள் அட்டை கேமின் முதல் நிமிடங்களில் ஏறக்குறைய அங்கேதான் இருந்திருக்கும். ஸ்லைடரைப் பூஜ்யத்தில் வைத்து அதே கேமை ஓட்டிப் பாருங்கள்.

2040 ஏன் 1995 ஆனது? சூடு. 83 டிகிரி என்ற வரம்பைத் தொட்ட பிறகுதான் அட்டை வேகத்தைக் குறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, சூடு ஏற ஏற, 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறங்கத் தொடங்கிவிடும். நீங்கள் பார்த்தது மூன்று படி. குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் உட்கார்ந்து வீடியோ போடுபவருக்கு அந்தப் படிகள் மிச்சம். நமக்கு மத்தியான வேளையில் விசிறி ஓடினாலும் அறை 31, 32 டிகிரி. அவர் காட்டும் எண்ணை நம் வீட்டில் எதிர்பார்ப்பது வீண். இரவில் ஏர்கோன் போட்டு விளையாடும்போது ஒரு படி கூடத் தெரிந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ரே டிரேசிங் கதை வேறு. அங்கே மின்சாரம்தான் கட்டிப்போடுகிறது. 3060-இன் வழக்கமான மின் வரம்பு 170 வாட். கனமான காட்சி வந்ததும் அட்டை அந்த வரம்பில் முட்டி, அட்டவணையில் கீழே உள்ள குறைந்த வோல்டேஜ் வரிக்கு இறங்குகிறது. 1890 என்பது 1740உடன் 150. ஆனால் ஓவர்கிளாக் இல்லாமல் ஓடியிருந்தால் அது 1740-இல் நின்றிருக்காது, ஒருவேளை 1770-இல் நின்றிருக்கும். வேகம் கூடினால் வாட்டும் கூடும், அதனால் இன்னொரு வரி கீழே தள்ளப்படுகிறது. சம்பளத்தில் 150 ரிங்கிட் ஏறினால் இபிஎஃப், சொக்சோ பிடித்தம் போகத்தானே கைக்கு வரும்? அதே கதை. எது தடுக்கிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தில் 'பர்ஃப்கேப் ரீசன்' என்ற வரி, மின்சாரமா, சூடா, வோல்டேஜா என்று அந்த நொடியே காட்டும்.

மெமரி விஷயம் வெறும் கணக்கு. ஒரே வேகத்தை ஜிபியு-இசட் 1875 என்கிறது, ஆஃப்டர்பர்னர் அதன் நான்கு மடங்காக 7500 என்கிறது, விளம்பரத்தில் எட்டு மடங்காக 15 ஜிகாபிட். ஆஃப்டர்பர்னரின் 500ஐ நான்கால் வகுத்தால் 125. சரியாகத்தான் இருக்கிறது.

வைத்த எண் ஒன்று, ஓடும் எண் வேறு என்ற இந்தக் குழப்பம் எல்லா அட்டைக்கும் இருந்ததில்லை. என்விடியாவில் 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வந்தபோது தொடங்கியது. அதற்கு முன் வைத்த எண்ணிலேயே ஓடும். என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் நாம் வைக்கும் அதிகபட்ச எண்ணும் ஓர் உச்சவரம்புதான், அதைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அட்டைக்கு இல்லை.

அப்புறம் +200. நானாக இருந்தால் போக மாட்டேன். நம் ஊர்ச் சூட்டில் எதிர்த்திசையில், அதாவது வோல்டேஜைக் குறைக்கும் பக்கம், போவதுதான் லாபம். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்தினால் அந்த அட்டவணை ஒரு வளைகோடாகத் திறக்கும். 0.9 வோல்ட் புள்ளியை 1860 அளவில் வைத்து, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அதே உயரத்துக்குத் தட்டையாக்கிப் பாருங்கள். அட்டைக்கு அட்டை இந்த எண் மாறும். கேம் முடங்கினால் 15, 15 ஆகக் குறையுங்கள். ரே டிரேசிங்கில் இப்போது கிடைக்கும் வேகத்துக்கு அருகிலேயே ஓடும், வாட் குறையும், விசிறிச் சத்தமும் அடங்கும்.

அப்படியும் +200தான் வேண்டும் என்றால், சோதிக்கும்போது கனமான கேமை மட்டும் நம்பாதீர்கள். அதில் மின் வரம்பு அட்டையைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும், எல்லாம் நிலையாக இருப்பதுபோல் தெரியும். அட்டை குளிர்ந்திருக்கும்போது ஒரு இலேசான கேமைத் திறங்கள். அப்போதுதான் அது உச்சி வரிக்கே ஏறும், முடங்குவதாக இருந்தால் அங்கேதான் முடங்கும்.