"மீன் எங்கே?" என்று கேட்கிறார்களா? செடியைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறோம். 2 அடித் தொட்டியில் 6 கேலக்ஸி ரஸ்போரா மீன் விட்டு ஒரு மாதம் ஆகிறது. எந்நேரமும் ஃபில்டருக்குப் பின்னாலேயே பதுங்கிக் கிடக்கின்றன, கூட இருக்கும் கப்பிகள்தான் கண்ணில் படுகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் "மீன் எங்கே?" என்கிறார்கள். செடிகளைக் கொஞ்சம் குறைத்தால் வெளியே வருமா?

பதில்: வராது, இன்னும் உள்ளே போகும். நீங்கள் அனுப்பிய படத்தில் வெள்ளை மணல், பின்பக்கம் வெறும் கண்ணாடி, ஓரமாக நாலு வாலிஸ்னேரியா செடி, மேலே பளீரென்று எல்இடி. 2 செ.மீ. மீனுக்கு இது உச்சி வெயிலில் நடுரோட்டில் நிற்பது போலத்தான். ஓடி ஒளியப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது தைரியமாக உலாவும்.

இந்த மீன் வெளியுலகுக்குத் தெரிய வந்ததே 2006-இல்தான், மியான்மரின் ஷான் மாநிலத்தில் ஹோப்போங் என்ற ஊர்ப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேலே, ஆழமில்லாத, செடி மண்டிய குட்டைகள். அங்கே மேலே நிழல் ஆடினால் கொத்த வரும் பறவையாக இருக்கலாம், அந்தப் பயம் உங்கள் ஹாலுக்கு வந்த பிறகும் போகவில்லை. ஆனால் ஒரு வகையில் நீங்கள் அதிர்ஷ்டக்காரர்: பெங்களூரும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். வீட்டுக்குள் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போகாதவரை ஹீட்டர் வேண்டாம், கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். சென்னையில் இருக்கும் என் தங்கை மே மாதம் இதை வளர்க்கப் படுகிற பாடு தனிக்கதை.

முதல் வேலை, பின்கண்ணாடியில் வெளிப்பக்கமாகக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். செலவே இல்லை, ஆனால் பாதி வித்தியாசம் இதிலேயே தெரியும். அப்புறம் மேலே மிதக்கிற செடி: சால்வினியா போதும், தண்ணீர்ப் பரப்பில் பாதியை மூடும் அளவு விட்டுவிட்டு, அதிகமானால் அள்ளிக் கொட்டுங்கள். நடுவில் ஜாவா மாஸ் என்ற பாசி இரண்டு மூன்று கொத்து. ஆசைப்பட்டு ஏரியிலிருந்து செடி அள்ளி வராதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து, அதோடு வந்த தும்பியின் குஞ்சு வாரத்துக்கு ஒரு மீனாகத் தின்று தீர்த்தது, அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. விளக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போதும்.

ஆறு மீன் என்பதும் குறைவு. பன்னிரண்டாக்குங்கள், அதில் பெண்கள் அதிகம் இருக்கட்டும். கடையில் துடுப்பு நல்ல சிவப்பாக இருப்பதையே எல்லோரும் பொறுக்குகிறோம், அவை ஆண்கள், ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். வயிறு உருண்டு, நிறம் மங்கலாக இருப்பவை பெண்கள்.

கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். சாதுதான், ஆனால் போட்ட தீனி கீழே இறங்குவதற்குள் மேலேயே முடித்துவிடும். ரஸ்போரா மேலே வந்து தின்னப் பழகாதது, வாயும் சின்னது. ஃபில்டரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, விரலால் நசுக்கிய தீனியைத் தண்ணீரில் கரைத்து, மாஸின் மேல் விடுங்கள். வாரம் இரண்டு நாள் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வளரும் மிகச்சிறு இறால்வகை உயிரி) குஞ்சு கொடுத்தால் நிறமே மாறும். ஃபில்டர் தண்ணீரைத் தள்ளும் வேகத்தையும் குறையுங்கள், ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் இன்னும் நல்லது.

தண்ணீர் பற்றிக் கவலை வேண்டாம், போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மை லேசாக இருந்தால் இவை தாங்கும், வெறும் ஆர்ஓ தண்ணீர்தான் கூடாது. காவேரித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போடுங்கள். டேங்கர் தண்ணீர் லோடுக்கு லோடு மாறும், ஒரே நேரத்தில் கால்வாசிக்கு மேல் மாற்றாதீர்கள்.

இதெல்லாம் செய்தபின் ஒரு சாயங்காலம் தொட்டியிலிருந்து மூன்றடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். முதலில் மாஸ் ஓரத்தில் ஒரு சிவப்புத் துடுப்பு மட்டும் தெரியும், போய்விடும். திரும்ப வரும்போது இரண்டாக வரும். ஆண் ஒன்று உடம்பைக் கறுக்கவைத்து முத்துப்புள்ளிகள் மின்ன இன்னொன்றைச் சுற்றும். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் பதுங்கி, வயிறு ஒட்டிப்போய், கழிவு வெள்ளை நூலாக வந்தால் அது கூச்சம் இல்லை, குடல் புழுவாக இருக்கலாம். அந்த மீனைத் தனியாகப் பிரித்து வைத்து, படம் எடுத்து அனுப்புங்கள்.