வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: ஹெர்2 '3+' என்று வந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. எண்டோஸ்கோபி பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஹெர்2: 3+' என்று இருக்கிறது. இந்த மரபணு அதிகம் வெளிப்பட்டால் ஆயுள் குறைவு என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பல மரபணுக்களைச் சேர்த்து அளந்து, இன்னும் எவ்வளவு காலம் என்று சொல்லும் டெஸ்ட் இருக்கிறதாமே, செய்துவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: உங்களைப் பயமுறுத்திய அந்த வரியைத்தான் அம்மா, புற்றுநோய் மருத்துவர் முதலில் தேடுவார்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். இந்த ஸ்லைடுகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. ஹெர்2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருந்து வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம். அது இருக்கும் இடத்தில் செல்லின் ஓரம் பழுப்பாகச் சாயமேறும். அந்தச் சாயத்தின் அழுத்தத்தை 0 முதல் 3+ வரை குறிப்போம். 3+ என்றால், மைக்ரோஸ்கோப்பின் மிகக் குறைந்த பெரிதாக்கத்திலேயே அது பளிச்சென்று தெரியும். 1+ஐப் பார்க்க 40 மடங்கு லென்ஸைத் திருப்பவேண்டியிருக்கும். மார்பகப் புற்றில் செல்லைச் சுற்றி முழு வளையமாகச் சாயம் ஏறும். இரைப்பையில் பெரும்பாலும் அடியிலும் பக்கங்களிலும் மட்டும்தான், மேல் ஓரம் வெறுமையாக இருக்கும். பயாப்ஸித் துணுக்கில் இப்படி அழுத்தமாகச் சாயமேறிய ஐந்து செல்கள் ஒன்றாக இருந்தாலே 3+ என்று எழுதிவிடுவோம். 2+ என்றால்தான் ஹெர்2 மரபணு எத்தனை நகல்கள் இருக்கின்றன என்று எண்ணும் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை தேவை. உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம்.

ஆயுள் குறைவு என்று நீங்கள் படித்த விஷயத்தில் பழைய ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அவற்றில் பல, ஹெர்2வைக் குறிவைக்கும் மருந்து இரைப்பைப் புற்றுக்கு வருவதற்கு முந்தியவை. 2010இல் வெளியான 'டோகா' ஆய்வு நிலைமையை மாற்றியது. கீமோவுடன் ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைச் சேர்த்தபோது, ஹெர்2 அதிகம் வெளிப்பட்ட நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் 11.8 மாதத்திலிருந்து 16 மாதமானது. இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். அதை உங்கள் அப்பாவுக்கு விதித்த கெடுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பின் வேறு மருந்துகளும் வந்துவிட்டன.

ஆயுளைக் கணிக்கும் டெஸ்ட் வேண்டாம் என்பதே என் கருத்து. மார்பகப் புற்றில் 21 மரபணுக்களை அளக்கும் பரிசோதனையைப் பார்த்துத்தான் பலருக்குக் கீமோ தேவையா என்றே முடிவு செய்கிறோம். இரைப்பைப் புற்றுக்கும் அப்படிப் பல மரபணுப் பட்டியல்கள் ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன, ஆனால் எதுவும் வழக்கமான சிகிச்சையில் இடம்பிடிக்கவில்லை. பரவிய நோயில், முடிவு எப்படி வந்தாலும் மருந்து மாறப்போவதில்லையென்றால் அந்தச் செலவும் மனவேதனையும் எதற்கு?

அதற்குப் பதிலாக, பயாப்ஸித் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் அதே மெழுகுக் கட்டியில் இரண்டு பரிசோதனைகள் ஆகிவிட்டனவா என்று கேளுங்கள். ஒன்று பிடி-எல்1, அதாவது புற்றுசெல் நோய் எதிர்ப்புச் செல்களிடமிருந்து தப்பிக்க உதவும் புரதம். மற்றது எம்எஸ்ஐ, அதாவது டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டும் இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, பற்றிய முடிவுக்கு உதவும். கிளாடின் 18.2 என்ற இன்னொரு புரதத்தைப் பற்றியும் படித்திருப்பீர்கள். அதற்கான மருந்து ஹெர்2 இல்லாதவர்களுக்கு, அதைத் தேடி அலைய வேண்டாம்.

டிராஸ்டுசுமாப் இதயத்தின் இயக்கத்தைக் குறைக்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள், இடையிடையே திரும்பவும் எடுப்பார்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் எப்போதாவது மருந்து கேட்காமல் போனால் மறுபடி பயாப்ஸி எடுக்கலாமா என்று கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் சிலருக்கு ஹெர்2 மறைந்துவிடுவதுண்டு, அப்போது அடுத்த மருந்தே வேறாகிவிடும்.