கார் ஃபியூஸ்: எது போயிற்று, எதை வாங்குவது?

கேள்வி: காரில் செல்போன் சார்ஜர் செருகும் சாக்கெட் மட்டும் திடீரென்று வேலை செய்யவில்லை. போன ஃபியூஸ் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஃபியூஸ் பெட்டியைத் தேடுமுன் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே விழுந்த சில்லறைக் காசோ, சார்ஜர் நுனியில் கழன்ற உலோகத் துண்டோதான் பல நேரம் குற்றவாளி. இக்னிஷனை அணைத்துவிட்டு, மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். இதை எடுக்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் அப்போதே போகும்.

பெரும்பாலான கார்களில் குறைந்தது இரண்டு ஃபியூஸ் பெட்டிகள் உண்டு. ஒன்று பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில். ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் போன்ற கனமான சுமைகள் பெரும்பாலும் அதில் இருக்கும். இன்னொன்று ஸ்டியரிங்குக்குக் கீழே, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், அல்லது கதவைத் திறந்தால் தெரியும் டேஷ்போர்டின் ஓரத்தில். சாக்கெட், ஆடியோ, உள்விளக்கு எல்லாம் வழக்கமாக இங்கேதான். சில கார்களில் டிக்கியிலும் ஒன்று இருக்கும். எந்த எண் எதற்கு என்ற படம் மூடியின் உட்புறத்திலோ காருடன் வந்த கையேட்டிலோ இருக்கும். படத்தில் ‘சாக்கெட்’ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். சிகரெட் லைட்டர் என்றோ பவர் அவுட்லெட் என்றோ போட்டிருப்பார்கள்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். டெஸ்ட் லாம்ப் என்பது ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் கூர்முனையும் உள்ள சிறு சோதனை விளக்கு. அதன் கிளிப்பை பெயின்ட் இல்லாத பாடி உலோகத்தில் மாட்டி, இக்னிஷனை ஆன் செய்து, கூர்முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் அந்த ஃபியூஸுக்கு மின்சாரமே வரவில்லை. அதற்கான சுவிட்சைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள், மயிரிழை விரிசல் கண்ணுக்குப் படாது. கழற்றும்போது இக்னிஷனை அணைத்துவிடுங்கள். பிடுங்குவதற்கான பிளாஸ்டிக் இடுக்கி பல கார்களில் பெட்டி மூடியிலேயே செருகியிருக்கும்.

கேள்வி: அதே நிறத்தில் வாங்கி வந்தேன், பொருந்தவில்லை. ஏன்?

பதில்: நிறம் சொல்வது ஆம்பியரை, அளவை அல்ல. 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. அளவு வேறு கணக்கு: சாதாரண பிளேடு ஃபியூஸ் சுமார் 19 மி.மீ. அகலம், மினி சுமார் 11, மைக்ரோ-2 சுமார் 9. மினியிலேயே கால் குட்டையான ‘லோ புரொஃபைல்’ ஒன்று இருக்கிறது. அதிகம் ஏமாற்றுவது அதுதான். போன ஃபியூஸைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதே நல்லது.

நூறு ஃபியூஸ் கொண்ட கலவை டப்பா தேவையில்லை. அதில் பாதி உங்கள் காரில் நுழையாது. உங்கள் பெட்டியில் உள்ள ஒவ்வொரு ஆம்பியரிலும் இரண்டு, பெயர் தெரிந்த தயாரிப்பாக வாங்கி வையுங்கள். தரமான ஃபியூஸ், மதிப்பைப் போல இரு மடங்கு மின்சாரம் ஓடினால் 5 விநாடிக்குள் போய்விட வேண்டும். மலிவான போலிகளில் சில அப்போதும் போகாமல் நிற்கும், சேதம் வயருக்கு.

கேள்வி: 10 ஆம்பியர் கிடைக்கவில்லை. 20 போடலாமா?

பதில்: கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ரேடியோவையோ விளக்கையோ அல்ல, அவற்றுக்குப் போகும் வயரை. 10 ஆம்பியருக்கான மெல்லிய வயரில் 20 ஓடினால் ஃபியூஸ் சும்மா இருக்கும், வயரின் உறை உருகும். வெள்ளித்தாள், வயர்த்துண்டு வைத்து ஒட்டுப்போடுவதும் இதே கதைதான். அவசரத்துக்கு 7.5 போட்டால் ஒருவேளை போய்விடும், ஆனால் கெடுதல் இல்லை. அல்லது இப்போது தேவைப்படாத இடத்திலிருந்து, ஆடியோ மாதிரி, அதே அளவும் ஆம்பியரும் உள்ள ஒன்றைக் கடன் வாங்குங்கள்.

கேள்வி: புது ஃபியூஸும் உடனே போகிறது.

பதில்: மூன்றாவதைப் போடாதீர்கள். போனதைப் பாருங்கள். உள்ளே கறுத்து, உலோகம் தெறித்திருந்தால் ஷார்ட் சர்க்யூட். நடுவில் மட்டும் சுத்தமாக உருகியிருந்தால் அதிகச் சுமை. சாக்கெட்டின் ஃபியூஸ் 15 ஆம்பியர் என்றால், 12 வோல்ட்டில் அது தாங்குவது 180 வாட்தான். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பை செருகியிருந்தால் அதிலேயே எல்லையைத் தொட்டுவிடலாம்.

எப்போது போகிறது என்பதும் துப்பு. ஃபியூஸைச் செருகியவுடன் என்றால் வயரில் கோளாறு. சுவிட்சைப் போட்டதும் என்றால் அந்தச் சாதனத்திலோ அதற்குப் போகும் வயரிலோ. கதவைத் திறந்து மூடும்போது என்றால், கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் மடிந்து மடிந்து உறை கிழிந்திருக்கும். டிக்கிக் கீலிலும் இதே நோய் உண்டு.

ஃபியூஸின் பிளாஸ்டிக் உருகி, உள்கம்பி மட்டும் முழுசாக இருந்தால் ஃபியூஸைக் குறை சொல்லாதீர்கள். செருகும் இடம் தளர்ந்து சூடாகியிருக்கிறது. அந்த டெர்மினலை மாற்ற வேண்டும்.

கேள்வி: நாமே தொடக்கூடாதது ஏதாவது உண்டா?

பதில்: பேட்டரிக்குப் பக்கத்தில் நட்டு போட்டு முடுக்கியிருக்கும் பெரிய ஃபியூஸ்கள், ஏர்பேக் ஃபியூஸ். இரண்டையும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு உறை போட்ட கேபிள் பக்கம் கையே போகக்கூடாது.