மறுமொழி: கோதுமையும் பாலும் இல்லாத இரவு உணவு

வணக்கம் சகோதரி. உங்கள் மகனுக்கு சீலியாக் நோயோடு (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) பாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்பவே ஏழு மணி ஆகிவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அவனுக்கெனத் தனிச் சமையல் செய்யாமல், வீட்டில் அனைவருக்கும் ஒரே உணவைச் சமைப்பதே எளிது என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் அதிகம் கைகொடுப்பது அடை. இரண்டு பங்கு இட்லி அரிசியும், துவரை, கடலை, உளுந்து மூன்றும் கலந்து ஒரு பங்கும், மிளகாய் வற்றலுடன் காலையில் ஊறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், மாலையில் அரைத்த உடனேயே வார்க்கலாம், புளிக்கவைக்க வேண்டியதில்லை. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் போதும். மற்றொரு நாள் இடியாப்பமும் சொதியும் செய்யலாம். காய்களை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, கெட்டியான முதற்பாலை இறுதியில் ஊற்றி, கொதிக்கும் முன் இறக்கி, ஆறிய பிறகே எலுமிச்சைச் சாறு சேர்த்தால் திரியாது.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது: பெருங்காயத்தூள். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்தது; கட்டியாக விற்பதிலும் அது இருக்கக்கூடும் என்பதால் பொருட்பட்டியலைப் படித்தே வாங்குங்கள், இல்லையேல் பெருங்காயத்தையே விட்டுவிடுங்கள். கேழ்வரகையும் கோதுமை அரைக்கும் மாவு மில்லில் கொடுக்காமல், வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சப்பாத்திக்குப் பயன்படுத்திய பழைய தோசைக்கல்லையும் பலகையையும் அவனுடைய உணவுக்குத் தொட வேண்டாம்.