'நீண்டநாள் உடல்நலக் குறைவு' – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

டிரம் கோர் பத்தி நீங்க போன மாசம் எழுதினத படிச்சேன். நாங்க டெக்சாஸ்ல இருக்கோம், எங்க பொண்ணு ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்ட்ல கலர் கார்ட்ல, அதான் கொடியும் மரத்துப்பாக்கியும் சுத்தற குழுல, இருக்கா. போன வாரம் பேண்ட் பேரண்ட்ஸ் பாட்லக் விருந்துல ஒரு வயசானவர், வாலண்டியரா வந்து ட்ரக் லோடு பண்ணுவார், அவர் சின்ன வயசுல மார்ச் பண்ணின கோரோட போட்டோ ஒண்ணு காட்டினார். 79ல எடுத்தது. கொடி புடிச்சு வரிசையா நிக்கிறாங்க, பசங்களும் பொண்ணுங்களும். அவர் விரல வச்சு இவன் போயிட்டான், இவன் போயிட்டான், இவனும்னு சொல்லிட்டே வந்தார். நான் சும்மா இருக்காம கார் ஆக்சிடென்டானு கேட்டுட்டேன். உடம்பு சரியில்லாம போனாங்கனு மட்டும் சொல்லிட்டு போட்டோவ உள்ள வச்சுட்டார். வீட்டுக்கு வரும்போது கார்ல பொண்ணு சொல்றா, அம்மா அது எய்ட்ஸ்மா, அவர்கிட்ட போய் அப்படி கேட்டியேனு. எனக்குத் தெரிஞ்ச எய்ட்ஸ் நம்ம ஊரு புள்ளிராஜா போஸ்டர் அளவுதான்.

என் கேள்வி இதுதான். குடும்பமே வெளிய சொல்ல வேணாம்னு நெனச்சத இப்ப எதுக்கு தோண்டணும்? பேசாம இருக்கறதும் செத்தவங்களுக்கு ஒரு மரியாத தானே? இத சொன்னதுக்கு பொண்ணு என்கூட ரெண்டு நாள் பேசல.

பேர் போட வேணாம்ணா, தெரிஞ்சவங்க படிப்பாங்க.

ஒரு வாசகி

பி.கு: ரைஃபிள் பிராக்டிஸ் முடிஞ்சு வந்தா கையெல்லாம் கன்னிப் போயிருக்கு. இது சகஜமா?

*

அன்புள்ள வாசகிக்கு,

பேர் போடல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன, முகம்கூட சரியா தெரியாத யாரோ ஒரு பையனப் பத்தி கேள்வி கேக்கறதுக்கே உங்களுக்கு பேர மறைக்கணும்னு தோணுதுல்ல, அப்ப 1986ல அவனோட அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் அந்த அம்மாக்கள் மேல கோவப்படற ஆள் இல்ல. என் கோவம் வேற எடத்துல இருக்கு, அதுக்கு வர்றேன்.

போன கட்டுரை படிக்காதவங்களுக்கு ரெண்டு வரி. டிரம் கோர்னா ஊதுறதுக்கு பித்தளை வாத்தியம், அடிக்க டிரம்ஸ், கண்ணுக்கு கலர் கார்ட். ஃபுட்பால் கிரவுண்ட்ல பதினோரு பன்னெண்டு நிமிஷ ஷோ, அதுக்காக கோடை முழுக்க பஸ்ல ஊர் ஊரா போயி ஸ்கூல் ஜிம் தரையில படுத்து எந்திரிச்சு காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் பயிற்சி. 21 வயசு தாண்டினா வெளிய போயிடணும், அதுக்கு 'ஏஜ் அவுட்'னு பேரு. கலர் கார்ட்ங்கறது பேர்லயே இருக்கு, கொடிக்கு காவல். முதல் உலகப் போர் முடிஞ்சு வந்த சிப்பாய்ங்க, அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ மாதிரி படைவீரர் சங்கங்கள், அப்புறம் கத்தோலிக்க சர்ச் பங்குகள், இவங்கதான் இந்தக் குழுக்கள வளத்தாங்க. பல கோர்களுக்கு வருமானமே காசு கட்டி ஆடற பிங்கோ ஆட்டத்துலேர்ந்து வந்துச்சு. 1972ல விஸ்கான்சின் வைட்வாட்டர்ல டிரம் கோர் இன்டர்நேஷனல்ங்கற போட்டி அமைப்போட முதல் சாம்பியன்ஷிப் நடக்கும்போதுகூட ஷோ நடுவுல தேசியக்கொடிய முறைப்படி கொண்டு வந்தாகணும்.

இப்ப இந்த கட்டமைப்புக்குள்ள எழுபதுகள் கடைசில என்ன ஆச்சுனு பாருங்க. மரத்துப்பாக்கிய தோள்ல வச்சு விறைப்பா நடந்துட்டு இருந்த கார்ட் கொஞ்சம் கொஞ்சமா டான்ஸா மாறுது. 1977ல குளிர்காலத்துக்குனு தனியா விண்டர் கார்ட் இன்டர்நேஷனல்னு கார்டுக்கான போட்டி அமைப்பு வருது. பேலே தெரிஞ்சவன், தியேட்டர் தெரிஞ்சவன், தையல் தெரிஞ்சவன் எல்லாம் உள்ள வர்றான். அதுல கணிசமானவங்க கே பசங்க, அதாவது தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்க. கைய கொஞ்சம் நளினமா அசைச்சா ஸ்கூல் வராண்டாவுல அடி விழும், அதே அசைவுக்கு ராத்திரி லைட்டு வெளிச்சத்துல ஸ்டேடியமே எழுந்து நின்னு கைதட்டும். அப்படி ஒரு எடம் வேற எங்க கெடைக்கும் சொல்லுங்க, அதுவும் சின்ன டவுன்ல பொறந்தவனுக்கு? எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க. பஸ் உள்ள தெரியும், பஸ்ஸ விட்டு எறங்கினா தெரியாது. இந்த ஏற்பாடு எய்ட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு, நோய் வந்தப்போ புதுசா மௌனம் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்ல, ரெடிமேடா இருந்துச்சு.

1981 ஜூன் 5ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ்ல அஞ்சு கே இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியானு அமெரிக்க அரசு சுகாதார வாரக்குறிப்புல ஒரு சின்ன ரிப்போர்ட் வந்துச்சு, அங்கதான் எய்ட்ஸ் கணக்கு ஆரம்பிக்குது. ஆனா வைரஸ் உள்ள போய் நோயா வெளிய வர மருந்து இல்லாத காலத்துல சராசரியா பத்து வருஷம் ஆகும். அந்த பெரியவர் காட்டின 79 போட்டோல இருக்கறவன் அப்ப இருபது வயசுனு வைங்க, ஏஜ் அவுட் ஆகி, வேலைக்குப் போயி, வேற ஊர் மாறி, முப்பது வயசு வாக்குல விழறான். யூனிஃபார்ம் போட்டுட்டு யாரும் சாகல. பழைய கோருக்கு போன்ல சேதி வரும், சில சமயம் அடக்கம் எல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு வரும், அப்ப அந்த கோரே இருக்காது. மாசசூசெட்ஸ் ரிவியர்ல இருந்த 27த் லேன்சர்ஸ் எவ்வளவு பேர் பெத்த குழு, 1986ஓட முடிஞ்சு போச்சு. எழுபது எண்பதுகள்ல இப்படி எத்தனையோ சின்ன குழுங்க காசில்லாம இழுத்து மூடிட்டாங்க. ஆபீஸே இல்லாத எடத்துல இறந்தவங்க லிஸ்ட்ட யார் வச்சிருப்பா? அதனாலதான் எத்தன பேர்னு ஒரு கணக்கு கேட்டா கெடைக்காது, இந்த மாதிரி பர்ஸுக்குள்ள ஒரு போட்டோவும் அத தடவற விரலும்தான் கெடைக்கும்.

பேப்பர்ல வர்ற இரங்கல் குறிப்புக்கு ஒரு பாஷை இருந்துச்சு. 'நீண்டநாள் உடல்நலக் குறைவு'. இல்லாட்டி நிமோனியா, இல்லாட்டி கேன்சர். இதுல பெரிய கொடும என்னன்னா அது பொய்யும் இல்ல. எய்ட்ஸ்ல போறவன் நிமோனியாலதான் போவான், கபோசி சர்கோமானு தோல்ல வர்ற கேன்சர்ல போவான். உண்மைய வச்சே உண்மைய மூடிட்டாங்க. கூட வாழ்ந்தவன் பேரு பல குறிப்புல வராது, கல்யாணம் ஆகாதவர்னு முடிஞ்சிடும். ஆரம்ப வருஷங்கள்ல உடம்ப எடுத்துக்க மாட்டோம்னு சொன்ன அடக்க நிலையங்கள் இருந்துச்சு. நியூயார்க் ஹார்ட் ஐலண்ட்ல அனாதைப் பொணம் பொதைக்கற எடத்துலயே மொதல்ல வந்த எய்ட்ஸ் உடல்கள மட்டும் தனியா, தீவோட தெக்கு மூலைல, ரொம்ப ஆழமா தோண்டி பொதைச்சாங்க. மண்ணுக்குள்ள போனப்புறம் யாருக்கு தொத்தும்? பயத்துக்கு கணக்கு தெரியாது.

கோர் நடத்தினவங்க பக்கம் நின்னும் பாக்கறேன். 1985ல இண்டியானா கோகோமோ பக்கம் ரயன் வைட்டுனு ஒரு பையன், ஹீமோஃபீலியானு ரத்தம் சரியா உறையாத நோய், அதுக்கு ஏத்தின ரத்தப் பொருள்லேர்ந்து எய்ட்ஸ் வந்துச்சு, அவன ஸ்கூலுக்குள்ள விட மாட்டோம்னு பெத்தவங்க நூறு பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க. கோர்ட்டு வரைக்கும் போச்சு. 1990ல 18 வயசுல செத்துட்டான். கோர்கள் கோடைல சுத்தறதே இந்த மாதிரி டவுன்கள்லதான். ராத்திரி தங்க ஜிம்மும் ஷவரும் குடுக்கறது ஸ்கூல், பையன அனுப்பறது அம்மா அப்பா, காசு குடுக்கறது சர்ச்சும் படைவீரர் சங்கமும். எங்க டிசைனர் எய்ட்ஸ்ல இறந்துட்டார்னு நோட்டீஸ்ல போட்டா அடுத்த சனிக்கெழம எங்க படுப்பாங்க? அதோட கார்ட் சொல்லித்தர்றவங்க நிறைய பேர் ஸ்கூல் வாத்தியாருங்க. 1978ல கலிஃபோர்னியால கே ஆசிரியர்கள வேலையவிட்டு தூக்கறதுக்கு வழி பண்ற ப்ரிக்ஸ் தீர்மானத்த ஓட்டெடுப்புக்கே விட்டாங்க, தோத்துச்சு, ஆனா பயம் தோக்கல. இதெல்லாம் எனக்குப் புரியுது.

புரியாதது அப்புறம் நடந்தது. 1996ல கூட்டு மருந்துகள் வந்து சாவு சரசரனு கொறஞ்சுது. அதுக்கப்புறம் ஜிம் யாரும் தர மாட்டேன்னு சொல்லப் போறதில்ல. அப்பவும் விழா மலர்ல, நினைவு வரிகள்ல, அதே 'நம்மை விட்டு சீக்கிரமே பிரிந்த'. குடும்பம் மறைச்சது துக்கத்துலயும் பயத்துலயும். அமைப்பு மறைச்சது, அப்படியே விட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கனு. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சு 'மரியாதை'னு நீங்க சொல்றீங்க பாருங்க, அங்கதான் உங்க பொண்ணுக்கு சுருக்குனு தச்சிருக்கும்.

வேற மாதிரியும் நடந்திருக்கு. ஜான் சிம்ஸ்னு ஒருத்தர், கான்சாஸ்ல பொறந்த மியூசிக் வாத்தியார், 1978ல சான் பிரான்சிஸ்கோல நாங்க கேதான்னு வெளிப்படையா சொல்லிட்டே ஒரு மார்ச்சிங் பேண்ட் ஆரம்பிச்சார். ட்வர்லிங், அதான் கோல் சுத்தறது, எல்லாம் சேத்துதான். அதே வருஷம் ஒரு ஆண்கள் பாட்டுக் குழுவும் ஆரம்பிச்சார். கேனு வெளிப்படையா சொல்லிட்டு நகர சபைக்கு ஜெயிச்ச ஹார்வி மில்க்கையும் மேயர் மாஸ்கோனியையும் சுட்டுக் கொன்ன அன்னிக்கு ராத்திரி சிட்டி ஹால் படிக்கட்டுல நின்னு பாடினது அந்தக் குழுதான், அவங்க முதல்முதலா ஜனங்க முன்னாடி பாடினதே அதுதான். சிம்ஸ் 1984ல எய்ட்ஸ்ல போயிட்டார், வயசு 37. அந்தப் பாட்டுக் குழு நாளடைவுல இழந்தது 300 பேருக்கு மேல. 1993ல ஒரு போட்டோ எடுத்தாங்க, மேடை நெறைய கறுப்பு உடை போட்டவங்க நமக்கு முதுக காட்டி நிக்கிறாங்க, அவங்க செத்தவங்களுக்கு பதிலா நிக்கிறவங்க, முகம் காட்டி வெள்ளைல நிக்கிறது கைவிரல்ல எண்ணிடலாம், அவங்கதான் மொதல்லேர்ந்து இருந்து மிஞ்சினவங்க. அந்த பேண்ட் இன்னைக்கு சான் பிரான்சிஸ்கோ நகரத்தோட அதிகாரபூர்வ பேண்ட். அதே டிரம், அதே கொடிதான். மொதல்லயே சொல்லிட்டதால அழவும் முடிஞ்சுது.

உங்க கேள்விக்கு நேரா வர்றேன். ஒருத்தன் தானே சொல்ல வேணாம்னு இருந்துட்டு போனா, அவன் பேரையும் நோயையும் ஒண்ணா சேத்து எழுத எனக்கும் உரிமை இல்ல, உங்க பொண்ணுக்கும் இல்ல. அந்த பெரியவர் உடம்பு சரியில்லாம போனாங்கனு நிறுத்திக்கிட்டதும் அதனாலயா இருக்கலாம். ஆனா பேரச் சொல்லாம நோயச் சொல்லலாம். எங்க கார்ட் லைன்ல பாதி எய்ட்ஸ்ல போச்சுனு ஒரு மேடைல ஒரு வரி சொன்னா எந்த அம்மாவுக்கும் துரோகம் கெடையாது. எய்ட்ஸ் குயில்ட் இருக்குல்ல, செத்தவங்க நினைவா ஆளுக்கொரு துணி தச்சு சேத்த பெரிய போர்வை, 1987 அக்டோபர்ல வாஷிங்டன் புல்வெளில மொதல்ல விரிச்சப்போ 1,920 துண்டு, ஒவ்வொண்ணும் மூணடிக்கு ஆறடி, அதாவது ஒரு குழி அளவு. அதுல ஒரு துண்டுல பேரே இல்ல. கூடப் பொறந்த ஒருத்தர் செத்துப்போன சகோதரனுக்காக தச்சது, பேர் வெளிய வர்றது எங்க அப்பா அம்மாவுக்கு இஷ்டமில்ல, அதனால பேர் இல்லனு அந்த துணிலயே எழுதிட்டார். நீங்க கேக்கற மரியாதையும் இருக்கு, உங்க பொண்ணு கேக்கற உண்மையும் இருக்கு, ரெண்டும் ஒரே ஆறடித் துணில.

இன்னொண்ணு, இது என் சொந்த ஆதங்கம். நான் எட்டு வருஷம் என் பையனோட பேண்டுக்கு ப்ராப்ஸ் தள்ளின அப்பன். அங்க ஓரமா நின்னு பாத்ததுல தெரிஞ்சது, கார்ட் வேலைய பேப்பர்ல எழுதி வைக்க முடியாது, ஊதுறவனுக்கு நோட்ஸ் இருக்கு, கொடி சுத்தறவனுக்கு இல்ல. பின்னாடி நின்னு கைய புடிச்சு இந்த இடத்துல மணிக்கட்ட விடு, இப்ப புடினு சொல்லித்தான் தரணும், நம்ம ஊர்ல நட்டுவனார் கத்துக்குடுத்த மாதிரி. முப்பது முப்பத்தஞ்சு வயசுல ஒரு தலைமுறை வாத்தியாருங்க போனா, அவங்க கையிலேர்ந்து வந்த அசைவு மிஞ்சும், யாரோட கைனு மறந்துடும். உங்க பொண்ணு தெனமும் பண்ற ஏதோ ஒரு டாஸ், ஏதோ ஒரு கேட்ச், அந்த போட்டோல நிக்கிறவன் கண்டுபிடிச்சதா இருக்கலாம். அவ கோவத்துல எனக்கு ஆச்சரியமே இல்ல, அவளுக்கு அது குடும்ப விஷயம்.

அதனால அடுத்த பாட்லக்ல அந்த பெரியவர மறுபடி பாத்தா, எப்படி செத்தாங்கனு கேக்காதீங்க. போட்டோல இருக்கறவங்க என்ன புடிப்பாங்க, கொடியா, சேபர்ங்கற வாளானு கேளுங்க. அவரா போட்டோவ எடுப்பார். உங்களுக்கு கேக்க சங்கடமா இருந்தா பொண்ண அனுப்புங்க, அவளுக்கு கேக்கத் தெரியும்.

கை கன்னிப் போறது சகஜம்தான். ரைஃபிள் மரத்துல செஞ்சது, மேலேர்ந்து சுத்திட்டு வந்து உள்ளங்கைல விழறப்போ அடி அடிதான். ஐஸ் வைங்க, க்ளவ்ஸ் போடறாளானு பாருங்க. மணிக்கட்டு எலும்பு மேல அமுக்கினா வலிக்குதுன்னு சொன்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ரெண்டாவது சீசன்ல குறைஞ்சிடும், அப்புறம் சேபர் குடுப்பாங்க, அப்ப இதவிட பெரிய கடிதம் எழுதுவீங்க.

அன்புடன்