இங்கிலாந்தில் வழக்குச் செலவுக்கென்றே தனி பாரிஸ்டர்கள் இருக்கிறார்களா, யார் முன்னணி?

இருக்கிறார்கள். அங்கே தோற்றவர்தான் பொதுவாக வென்றவரின் வழக்குச் செலவையும் ஏற்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் அடுத்த சண்டை தொடங்கும்.

வென்றவர் தரப்பு விரிவான பில் அனுப்பும். சாதாரணக் கடிதம் ஒவ்வொன்றும் 6 நிமிட வேலை என்று கணக்கில் ஏறும். எதிர்த்தரப்பு 21 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும்; சும்மா இருந்துவிட்டால் முழுத் தொகைக்கும் சான்றிதழ் வாங்கிவிடலாம். பேசித் தீராவிட்டால், லண்டன் வழக்கென்றால் பெரும்பாலும் செலவு நீதிபதிகளிடம் போகும். அங்கே முக்கியமான கேள்வி, செலவை எந்த அடிப்படையில் மதிப்பிடுவது என்பது. வழக்கமான அடிப்படையில் சந்தேகம் வந்தால் செலுத்துபவருக்குச் சாதகம். வழக்கின் அளவுக்கு மீறிய தொகையும் வெட்டப்படும். செலுத்துபவரின் நடத்தை மோசமாக இருந்து, அதற்காக நீதிமன்றம் கடுமையான அடிப்படைக்கு உத்தரவிட்டால், சந்தேகத்தின் பலன் செலவுத் தொகையைப் பெறுபவருக்கு. வழக்கின் அளவுக்கு மீறக் கூடாது என்ற வரம்பும் அப்போது கிடையாது. இந்த ஒரு வாதத்தில் பெருந்தொகை கைமாறும். நல்ல பாரிஸ்டருக்குக் கொடுக்கும் கட்டணம் வீணில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சேம்பர்ஸ் (பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம்) என்றால் லண்டனில் ஃபோர் நியூ ஸ்குயர், ஹெய்ல்ஷாம், டெம்பிள் கார்டன். வடக்கே மான்செஸ்டர், லீட்ஸ் பக்கம் கிங்ஸ். ஆனால் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். சொலிசிட்டர் (கட்சிக்காரருக்காக வழக்கை நடத்தும் வழக்கறிஞர்) தன் கட்சிக்காரரிடமே கேட்கும் பில்லில் தகராறு என்றால், அப்புறம் விதிகளே வேறு. அதில் பழகியவரைத் தேடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து 1,00,000 பவுண்டு வரையிலான பெரும்பாலான வழக்குகளில் செலவு விதிகளிலேயே முன்கூட்டி நிர்ணயித்த தொகைதான், அங்கே இவர்களுக்கு வேலை குறைவு.